முதல் போட்டியில் என்ன எடை போடுவது?

ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 14 வயது. ஏறக்குறைய ஓராண்டாக எங்கள் ஊரில் உள்ள ஒரு சிறிய பளுதூக்கும் கூடத்துக்குப் போகிறாள். மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர்தான் அங்கே. அடுத்த மாதம் மாவட்டப் போட்டி வருகிறது, பெயர் கொடுக்கலாம் என்கிறார் பயிற்சியாளர். இவ்வளவு சீக்கிரம் அனுப்பலாமா? வளர்த்தி நின்றுவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வசதியான பெரிய மையத்துக்கு மாற்றிவிடுவது நல்லதா? போட்டியன்று என்ன நடக்கும், நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?"

தாராளமாக அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை. மேடையில் அவள் கேட்கும் முதல் எடை, சரியாகத் தூங்காத நாளிலும், பரீட்சை முடிந்து களைத்து வந்த மாலையிலும் அவளால் பிழையில்லாமல் தூக்க முடிகிற எடையாக இருக்க வேண்டும். இதற்குப் பயிற்சியாளர் சம்மதித்தால் முதல் போட்டிக்கு இதைவிட நல்ல வயது கிடையாது. "பதக்கம் வேண்டும், கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்ப்போம்" என்று அவர் சொன்னால், மரியாதையாகவே மறுத்துவிட்டு அடுத்த போட்டிவரை காத்திருங்கள். வேலூர்ப் பக்கத்தில் சிறிய கூடம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் போட்டியோடு இந்த விளையாட்டை விட்டுவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் பலம் போதாமல் விட்டவர்கள் அல்லர். அன்று மேடையில் பாரில் (தட்டு மாட்டித் தூக்கும் கம்பியில்) இருந்த எடை அவர்களுக்கு உரியதாக இல்லை, அவ்வளவுதான்.

முதலில் வளர்த்தி. தகுந்த மேற்பார்வையில் செய்யும் எடைப் பயிற்சியால் குழந்தைகளின் உயரம் குறைவதாக ஆதாரம் எதுவும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிறகு ஏன் பளுதூக்கும் வீரர்கள் பலர் குள்ளமாகத் தெரிகிறார்கள்? கைகால் நீளம் குறைந்தவருக்குப் பாரை மேலே கொண்டுபோக வேண்டிய தூரமும் குறைவு. எடைப் பிரிவு வைத்து நடக்கும் விளையாட்டில், ஒரே எடையுள்ள இருவரில் உயரம் குறைந்தவருக்குத் தசை அதிகமாக இருக்கும். ஆகவே மேலே வருகிறவர்களில் அவர்கள் மிகுதி. உயரமானவர்கள் மேல் எடைப் பிரிவுகளில் இருப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். வளரும் வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பார் கைநழுவி விழுந்தாலோ, மணிக்கட்டு மடங்கிய நிலையில் எடையைத் தாங்கினாலோ அங்கே அடிபடலாம். கூன் போட்ட முதுகோடு தரையிலிருந்து இழுக்கும் பழக்கம் இடுப்பைக் கெடுக்கும். எனவே கூடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது, பிள்ளை தூக்கும்போது பயிற்சியாளரின் கண் அவள்மீது இருக்கிறதா, தவறான தூக்கலுக்குப் பிறகு எடையைக் குறைக்கிறாரா, பாரை விட்டுவிட்டு விலகுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாரா என்பவற்றை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். ஸ்னாட்சில், அதாவது தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே கொண்டுபோகும் தூக்கலில், பார் பின்னால் போனால் கையை விட்டு முன்னால் தாவ வேண்டும், முன்னால் விழுந்தால் தள்ளிவிட்டுப் பின்னால் நகர வேண்டும். வெறும் பாரை வைத்து இதைப் பழகிய பிள்ளைக்குப் பயம் பாதி போய்விடும்.

இனி, சிறிய கூடமா பெரிய மையமா என்ற கேள்வி. பெரிய நகரத்தில்தான் வீரர் உருவாக வேண்டும் என்பதில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் வளர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே தூக்குவது) 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தந்தை முன்னாள் ராணுவ வீரர், அவரும் பளு தூக்கியவர்தான். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் தொடைத் தசைக் காயத்தோடு இறங்கிய சதீஷ் 144, 173 என்று தூக்கி 317 கிலோவோடு மறுபடியும் தங்கம் வாங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தன் கணக்கைவிட 11 கிலோ குறைவு! அன்று உடம்பு எதைக் கொடுத்ததோ அதை வைத்துக் கணக்குப் போட்டுத் தூக்கியவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 328ஐவிட 317ஐத்தான் நான் அதிகம் சொல்லுவேன்.

சிறிய கூடத்தில் ஒரு பாரைச் சுற்றி மூன்று நான்கு பேர் நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறையாகத் தெரியும், உள்ளே அது நல்ல ஏற்பாடு. ஒருவர் தூக்க, மற்றவர் தட்டு மாற்ற, தன் முறை வருவதற்குள் இரண்டு மூன்று நிமிட ஓய்வு தானாகவே கிடைத்துவிடும். பிறர் தூக்குவதைப் பார்த்துப் பார்த்து, எங்கே தவறு நேர்ந்தது என்று சொல்லும் கண் 14 வயதிலேயே வந்துவிடும். இந்தக் கண் வந்த பிள்ளைக்குப் பயிற்சியாளர் சொல்லும் பாதிச் சொல்லே போதும். பெரிய மையங்களில் உணவு, மருத்துவம், நல்ல உபகரணம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. மாநில அளவில் நின்று காட்டிய பிறகு அங்கே போகட்டும். 14 வயதில் வீட்டுச் சாப்பாடும், பெயர் சொல்லிக் கூப்பிடும் பயிற்சியாளரும் இருக்கிற இடத்தை விட்டு ஏன் பறிக்க வேண்டும்?

ஆனால் சிறிய கூடங்களில் உபகரண விஷயத்தில் சில குறைகள் உண்டு. அவை போட்டியன்று வந்து இடறும். ஆண்களுக்கான பார் 20 கிலோ, 28 மில்லிமீட்டர் தடிமன். பெண்களுக்கான பார் 15 கிலோ, 25 மில்லிமீட்டர். பல கூடங்களில் பெண் பிள்ளைகளும் ஆண்கள் பாரிலேயே பழகுகிறார்கள். கட்டை விரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டுகிற 'ஹூக்' பிடி சிறிய கைக்கு அந்தத் தடிமனில் எட்டவே எட்டாது. பெண்கள் பார் ஒன்று வாங்கக் கூடத்தால் முடியாவிட்டால், பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து உதவலாம். இந்தச் செலவுக்கு ஈடான செலவு வேறொன்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, தட்டின் அளவு. போட்டித் தட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், எனவே பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சின்ன இரும்புத் தட்டுகளைப் போட்டுப் பழகினால் பார் அதற்கும் கீழே கிடக்கும். குனிய வேண்டிய அளவு மாறும், முதுகின் கோணம் மாறும். இலேசான பெரிய ரப்பர் தட்டு இல்லாத கூடங்களில் இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துப் பாரை அந்த உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, பாரின் சுழற்சி. நல்ல போட்டி பாரில் தட்டு சுழல்வதும் கைப்பிடி சுழல்வதும் தனித்தனி. பழைய பாரில் பழகிய பிள்ளைக்குப் புதிய பார் கையில் வழுக்குவதுபோல் தோன்றும். போட்டி அரங்கில் உடம்பைச் சூடாக்கும்போது வெறும் பாரோடு கூடுதலாகப் பத்து முறை தூக்கிப் பார்க்கட்டும், அந்த உணர்வு பழகிவிடும்.

பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. இந்த வயதில் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் போதும். ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டும் நடுத்தர எடையில் இரண்டு மூன்று முறையாக, பிறகு முன் ஸ்குவாட், பின் ஸ்குவாட் (பாரைத் தோளில் முன்னாலோ பின்னாலோ வைத்து உட்கார்ந்து எழுவது), கொஞ்சம் 'புல்' (தரையிலிருந்து இழுப்பது மட்டும்), வயிறு முதுகுக்கான பயிற்சி. தினமும் உச்ச எடையைத் தேடும் கூடமாக இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். போட்டிக்கு முந்தைய கடைசி ஏழு எட்டு நாளில் பலம் கூடப்போவதில்லை, களைப்புதான் குறைய வேண்டும். கனமான ஸ்குவாட்டை அந்த வாரத்தின் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டு, தொடக்க எடைகளை மட்டும் ஒருமுறை சுத்தமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு நாள் ஓய்வில் விடுவது வழக்கம்.

போட்டி நாளுக்கு வருவோம். குழு மேடையேறுவதற்கு 2 மணி நேரம் முன்பு எடை பார்ப்பது தொடங்கும். 1 மணி நேரம் நடக்கும். அதற்குள் பிரிவுக்கு மேல் எடை இருந்தால் குறைத்துக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கலாம். உள்ளாடையோடு எடை பார்ப்பார்கள் என்பதால், பெண் பிள்ளைகளுக்குப் பெண் அலுவலர்தான் பார்க்க வேண்டும். சிறிய போட்டியில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிரிவுக்காக உடம்பெடையைக் குறைப்பது இந்த வயதில் கூடவே கூடாது. தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஸ்வெட்டர் போட்டு ஓடுவது, முதல் நாள் பட்டினி, எதற்கும் சம்மதிக்காதீர்கள். மாதவிடாய் நாட்களில் சிலருக்கு உடம்பெடை சற்று ஏறும், அதையும் நினைவில் வைத்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். பிரிவின் எல்லையை ஒட்டி இருந்தால் மேல் பிரிவுக்கே பெயர் கொடுங்கள். பிரிவுகள் 2018இல் ஒருமுறையும் 2025இல் ஒருமுறையும் மாற்றியமைக்கப்பட்டிருக்கின்றன. பழைய சுவரொட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் மாவட்டச் சங்கத்திடம் நடப்புப் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுவார்கள். 13 முதல் 17 வரை யூத், 15 முதல் 20 வரை ஜூனியர்.

உடையைப் பற்றியும் பல தாய்மார்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பளுதூக்கும் உடை உடம்போடு ஒட்டியது, கைகால் தெரியும். உள்ளே கழுத்துப்பட்டி இல்லாத, முழங்கையை மறைக்காத டி-ஷர்ட் போடலாம். முழு உடம்பையும் மூடும் இறுக்கமான உடைக்கும் அனுமதி உண்டு. அமெரிக்க வீராங்கனை குல்சூம் அப்துல்லா கேட்டுக்கொண்டதையடுத்து 2011இல் சர்வதேச விதியே திருத்தப்பட்டது. முழங்கையும் முழங்காலும் நீண்டு பூட்டிக்கொண்டதா என்று நடுவர் பார்க்க வேண்டும். இறுக்கமான துணியில் அது தெரியும், தொளதொளவென்ற துணியில் தெரியாது. காரணம் அவ்வளவே. மகளுக்குக் கூச்சம் இருந்தால் இந்த வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். உடைக்காக ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

எடை பார்க்கும்போதே ஸ்னாட்சுக்கும் ஜெர்க்குக்கும் தொடக்க எடையைக் கேட்டு அட்டையில் எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி. இரண்டின் சிறந்த எடைகளைக் கூட்டினால் மொத்தம். ஒன்றில் மூன்று முயற்சியும் தவறினால் மொத்தமே கிடையாது. பாரில் எடை ஏறுமே தவிர இறங்காது. குறைந்த எடை கேட்டவர் முதலில் வருவார். ஒரே எடையை இருவர் கேட்டால், குறைந்த முயற்சி எண்ணில் இருப்பவர் முன்னால். பெயர் கூப்பிட்டதும் 1 நிமிடம். தொடர்ந்து அவரே தூக்க வேண்டியிருந்தால் 2 நிமிடம்.

பார்வையாளர்களுக்குத் தெரியாத போட்டி ஒன்று மேடைக்குப் பின்னால் நடக்கிறது. சிறிய கூடத்துப் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் மகள் ஸ்னாட்சில் கூடத்தில் சுத்தமாகத் தூக்கிய அதிகபட்ச எடை 38 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் 34. உடம்பைச் சூடாக்கும் பின்னறையில் வெறும் பார், 20, 24, 27, 30, 32 என்று ஏற்றிக்கொண்டு போய், 32க்குப் பிறகு இரண்டு மூன்று நிமிடத்தில் மேடையில் 34க்கு நிற்க வேண்டும். ஆனால் மேடையில் அவள் முறை எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயிற்சியாளர்தான் எண்ண வேண்டும். அவளுக்கு முன்னால் மூன்று பேர் 25, 28, 30 என்று தொடங்குகிறார்கள். 34க்கு வருவதற்குள் அந்த மூவரும் சேர்ந்து ஏழெட்டு முயற்சி செய்வார்கள். ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம் அல்லது சற்று அதிகம். மேடையில் மூன்று முயற்சி நடக்கும் நேரத்தில் பின்னறையில் ஒரு தூக்கல் என்று வைத்துக்கொண்டால், அவளுக்கு மூச்சு வாங்க நேரம் இருக்கும். இப்போது 30 என்று எழுதியிருந்த பிள்ளையின் பயிற்சியாளர் திடீரென்று போய் 35 ஆக மாற்றுகிறார். விதிப்படி ஒரு முயற்சிக்கு இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம். ஒரே நொடியில் உங்கள் மகளுக்கு முன்னாலிருந்த இரண்டு மூன்று முயற்சிகள் மறைந்துபோகின்றன. பின்னறையில் 27இல் நிற்கிற பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். அட்டை மேசையைக் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் இதை உடனே பார்த்து, 30ஐத் தாவி ஒரே ஒரு 32 மட்டும் கொடுப்பார். அல்லது தானும் போய் 35 என்று மாற்றி நேரம் வாங்குவார். சுவரில் சாய்ந்து அரட்டை அடித்தவரின் பிள்ளை, குளிர்ந்த உடம்போடு ஓடிப்போய் மேடையில் தவறவிடும்.

ஒரே பயிற்சியாளர் நான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிற கூடங்களில் இந்த எண்ணிக்கையைப் பார்க்க ஆள் இருக்காது. நீங்கள் கூடவே போகிறீர்கள் என்றால் இங்கே உதவலாம். ஒரு தாளில் குழுவில் உள்ளவர்களின் பெயரையும் தொடக்க எடையையும் எழுதி, முயற்சி முடிய முடிய அடித்துக்கொண்டே வாருங்கள். "இன்னும் ஐந்து முயற்சி" என்று பயிற்சியாளரிடம் சொல்ல உங்களால் முடிந்தால், பயிற்சியாளரின் கவனம் முழுவதும் பிள்ளையின் தூக்கலில் இருக்கும். எங்கள் கூடத்தில் ஒரு பையனின் பாட்டி இதைக் கற்றுக்கொண்டு, மற்ற கூடத்துப் பயிற்சியாளர்களும் வந்து கேட்கும் அளவுக்குக் கணக்கு வைத்திருந்தார்.

முதல் முயற்சி முடிந்ததும் 30 விநாடிக்குள் அடுத்த எடையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வெற்றிக்குப் பிறகு 1 கிலோ தானாகக் கூடிவிடும். நான் சொன்ன பிள்ளைக்கு 34, 36, 38 என்று போனால் மூன்றும் கைகூடும். மூன்றாவது முயற்சியில் வேண்டுமானால் 39 கேட்டு அவளுடைய உச்சத்தைத் தாண்டிப் பார்க்கலாம், அதற்கு முன்பு கூடாது. ஜெர்க்கில் கூடத்து உச்சம் 48 என்றால் 43, 46, பிறகு அன்றைய நிலையைப் பார்த்து 48 அல்லது 49. முதல் போட்டியில் ஆறு முயற்சியில் ஐந்தில் வெள்ளை விளக்கு (நடுவர்கள் சரி என்று ஏற்பது) வாங்கிய பிள்ளை மறுநாள் காலை தானாகவே கூடத்துக்கு வந்து நிற்கும்.

முயற்சி தவறுவதிலிருந்து எவ்வளவு பெரியவர்களும் தப்பவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று முயற்சியையும் தவறவிட்டார். பட்டியலில் அவருக்கு மொத்தமே இல்லை. அடுத்த ஆண்டே 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். டோக்கியோவில் 87, 115 என்று 202 கிலோவோடு வெள்ளி. 2024 பாரிஸில் 199 கிலோ, வெண்கலத்துக்கு ஒரே ஒரு கிலோ குறைவு, நான்காம் இடம். 2000இல் சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி, ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனதும் இந்த விளையாட்டில்தான். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பளுதூக்குதல் சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். உங்கள் மகளுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கட்டும். ரியோவில் நடந்ததும் தெரிந்திருக்கட்டும்.

நடுவர் மூன்று பேர், இருவரின் முடிவே தீர்ப்பு. புதிய பிள்ளைகள் சிவப்பு விளக்கு வாங்குவது பலக் குறைவால் மட்டும் அல்ல. தலைக்கு மேலே வாங்கிய பிறகு முழங்கை மடங்கி, தள்ளி நீட்டுவது ஒன்று. கிளீனில் உட்கார்ந்து வாங்கும்போது முழங்கை தொடையிலோ முழங்காலிலோ தொடுவது இன்னொன்று. எனக்கு மிகவும் வேதனையானது மூன்றாவது வகை. அழகாகத் தூக்கி நின்றுவிட்டு, 'டவுன்' என்ற சைகை வருவதற்குள் மகிழ்ச்சியில் பாரைப் போட்டுவிடுவார்கள். பாதங்கள் ஒரே கோட்டில், உடம்பு அசையாமல், சைகை வரும்வரை நிற்க வேண்டும். இறக்கும்போதும் தோள் மட்டத்துக்குக் கீழே பார் வரும்வரை கையை விடக் கூடாது, பின்பக்கம் போடவும் கூடாது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிற ஒரு பிள்ளைக்குச் சிவப்பு அழுத்துவது எளிதான வேலை இல்லை. கூடத்தில் கடைசி ஒரு மாதம் ஒவ்வொரு தூக்கலுக்கும் யாராவது 'டவுன்' சொன்ன பிறகே இறக்க வேண்டும் என்று வைத்தால் இந்தத் தவறு அடியோடு போய்விடும். தொடையில் எண்ணெய், பவுடர் எதையும் தடவக் கூடாது என்பதும் விதி. கைக்கு மெக்னீசியம் தூள் மட்டும்.

உள்ளங்கையையும் பாருங்கள். விரலடியில் தடித்த தோல் மேடாக வளரும். அது கிழிந்தால் அன்றைய போட்டி அதோடு சரி. குளித்த பிறகு தோல் ஊறியிருக்கும்போது தேய்ப்புக்கல்லால் மேட்டை மட்டும் சமன் செய்யச் சொல்லுங்கள். முழுதாகச் சுரண்டிவிடக் கூடாது, தடிப்பு வேண்டும், விளிம்பு வேண்டாம். போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே செய்துவிட வேண்டும்.

சாப்பாட்டில் புதிதாக எதையும் செய்ய வேண்டாம். முட்டை, பருப்பு, பால், வேர்க்கடலை, சோறு, வீட்டில் கிடைப்பதைப் போதுமான அளவு. எடை பார்த்து முடிந்ததும் இட்லி, வாழைப்பழம், தண்ணீர். மேடையேற ஒன்று முதல் இரண்டு மணி நேரம் இருக்கிறது, வயிறு இலேசாகிவிடும். டப்பாவில் வரும் பவுடர் எதையும், யார் கொடுத்தாலும், வாங்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியப் பளுதூக்கும் வீராங்கனைகள் இருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அதற்குப் பிறகும் இந்த விளையாட்டு நம் நாட்டில் இந்தக் கறையிலிருந்து முழுதாக மீளவில்லை. உடம்பில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாது என்பது பதிலாகாது. பொறுப்பு வீரருடையதே, வயது குறைவு என்றாலும். சளிக்காக வாங்கும் சில மாத்திரைகளில்கூடப் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் உண்டு. மருத்துவரிடம் "பளுதூக்கும் பிள்ளை, ஊக்கமருந்துச் சோதனை வரலாம்" என்று சொல்லிவிட்டு மருந்து வாங்குங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

சான்றிதழ்களைப் பற்றி. சங்கத்தின் வழியாகப் போகும் மாவட்டம், மாநிலம், தேசியம் என்பது ஒரு வழி. பள்ளி வழியாகப் போகும் போட்டிகள் இன்னொரு வழி. இரண்டிலும் இறங்கலாம். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ரயில்வேயும் ராணுவமும் பளுதூக்குபவர்களை எடுக்கின்றன, கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு இடங்கள் உள்ளன. ஆனால் எந்தப் போட்டியின் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதில் கறாரான விதிகள் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத அமைப்புகள் 'தேசிய' என்ற பெயரில் போட்டி நடத்திக் கட்டணம் வாங்கி, எங்கும் செல்லாத தாளைக் கொடுத்து அனுப்புவது நடக்கிறது. பெயர் கொடுப்பதற்கு முன் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கட்டும். எழுத்து மாறியதால் மாநிலப் போட்டியில் எடை பார்க்கும் அறையின் வாசலிலிருந்தே திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

போட்டி முடிந்த அன்று மாலை இடத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அவள் பிரிவில் மூன்று பேர் மட்டும் இருந்தால் கடைசியாக வந்தாலும் வெண்கலம், பன்னிரண்டு பேர் இருந்தால் நன்றாகத் தூக்கியும் ஏழாம் இடம். மாவட்ட அளவில் அந்த எண் ஒன்றும் சொல்லாது. ஆறு முயற்சியையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எடை, வெள்ளையா சிவப்பா, சிவப்பு என்றால் எதனால், பின்னறையில் கடைசியாகத் தூக்கியது எது, மேடைக்குப் போவதற்கு எத்தனை நிமிடம் முன்பு. இரண்டு நாள் ஓய்வு கொடுத்துவிட்டு அந்த நோட்டோடு பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். அடுத்த போட்டிக்கு மூன்று நான்கு மாத இடைவெளி இருக்கட்டும். அதற்குள் 34 என்ற தொடக்கம் 37 ஆகியிருந்தால் நல்ல வேகம். 35 ஆகியிருந்தாலும் இந்த வயதுக்கு நல்ல வேகம்தான்.